ஏரோஸ்பேஸா, மெக்கானிக்கலா, ஏஎம்இ-யா: விமானத் துறைக்குப் போக எதைப் படிப்பது?

பிளஸ் 2 ரிசல்ட் வந்த நாளிலிருந்து கலந்தாய்வு முடியும்வரை எனக்கு வரும் கேள்வி ஒன்றுதான், கேட்கும் ஆள்தான் மாறும். போன வாரம் கோவில்பட்டிப் பக்கமிருந்து ஒரு பெண் பேசினாள். "அண்ணா, கட்ஆஃப் 181. எனக்கு ராக்கெட்தான் ஆசை. அப்பா மெக்கானிக்கல் எடுக்கச் சொல்றாங்க. பெரியப்பா பையன் விமானப் பராமரிப்புக்கான ஏஎம்இ படிச்சா ஏர்போர்ட்லயே வேலைங்கறான். ஒரு தனியார் காலேஜ்ல ஏரோஸ்பேஸ் இருக்கு. லிஸ்ட்ல எதை அண்ணா முதல்ல போடறது?" பின்னாலிருந்து அப்பாவின் குரலும் கேட்டது: "சம்பளம் என்ன வரும்னு கேளும்மா."

நான் ஏரோநாட்டிக்கல் படித்தவன். பெங்களூரில் விமான இறக்கைகளுக்கு ஸ்ட்ரெஸ் அனாலிசிஸ், அதாவது அவை சுமையைத் தாங்குமா என்ற கணக்கு, பார்க்கிறேன். என் குழுவில் 11 பேர் இருக்கிறோம், ஏரோ படித்தவர்கள் 4 பேர், மீதி எல்லாரும் மெக்கானிக்கல். அவளிடம் போனில் 20 நிமிடத்தில் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

எதை வைத்து எடைபோடுவது

முதலில், எந்த வேலை வேண்டும்? "விமானத் துறை" என்று ஒரே பெயரில் சொல்லிவிடுகிறோம். உள்ளே போனால் குறைந்தது நான்கு வேலைகள் இருக்கின்றன: வடிவமைப்பும் கணக்கும், பாகங்கள் தயாரிப்பு, விமானப் பராமரிப்பு, எலக்ட்ரானிக்ஸ்-மென்பொருள். ஒன்றுக்குப் படித்துவிட்டு இன்னொன்றுக்குப் போவது லேசில்லை.

இரண்டாவது, வேலை விளம்பரத்தில் கல்வித் தகுதி என்ற வரியில் உங்கள் பட்டத்தின் பெயர் இருக்குமா? சேரும்போது இதை யாரும் பார்ப்பதில்லை. நான்கு வருடம் கழித்து முதலில் இடிப்பது இதுதான்.

மூன்றாவது, எந்தக் கல்லூரி. நான்காவது, படிப்பு முடிந்த பிறகு வரும் செலவும் காத்திருப்பும். ஐந்தாவது, மனசு மாறினாலோ வேலை கிடைக்கத் தாமதமானாலோ வேறு துறைக்குத் திரும்ப வழி இருக்கிறதா? கடன் வாங்கிப் படிக்கிற வீட்டுக்கு இந்த ஐந்தாவதுதான் பெரிது.

பெயர்க் குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துக்கொள்வோம். ஏரோநாட்டிக்கல் என்றால் காற்று மண்டலத்துக்குள் பறப்பவை. ஏரோஸ்பேஸ் என்றால் அதோடு ராக்கெட், செயற்கைக்கோள். பாடத்திட்டத்தில் முக்கால்வாசி ஒன்றுதான், அதனால் இந்த இரண்டில் எது என்று தூக்கம் கெட வேண்டாம். ஏஎம்இ மட்டும் முற்றிலும் வேறு. அது விமானத்தைப் பராமரிக்கிற லைசென்ஸுக்கான படிப்பு.

இஸ்ரோவில் நாம் கொண்டாடுகிறவர்கள் என்ன படித்தார்கள்?

கலாம் திருச்சியில் இயற்பியல் முடித்துவிட்டு, சென்னை குரோம்பேட்டை எம்ஐடியில் (மெட்ராஸ் இன்ஸ்டிடியூட் ஆஃப் டெக்னாலஜி) ஏரோநாட்டிக்கல் படித்தார். கே. சிவனும் அதே எம்ஐடி, அதே ஏரோநாட்டிக்கல், 1980-இல் முடித்தவர். அப்புறம் பெங்களூர் ஐஐஎஸ்சி, அதாவது இந்திய அறிவியல் கழகம். இந்த இருவரோடு நிறுத்திக்கொண்டால் "ஏரோதான் வழி" என்று தோன்றும்.

இப்போதைய இஸ்ரோ தலைவர் வி. நாராயணன் மெக்கானிக்கல் டிப்ளமோவில் தொடங்கினார். வேலை பார்த்துக்கொண்டே படித்து, காரக்பூர் ஐஐடியில் கிரையோஜெனிக் எம்.டெக்., பிறகு ஏரோஸ்பேஸில் முனைவர் பட்டம். சந்திரயான்-3 திட்ட இயக்குநர் வீரமுத்துவேல் விழுப்புரத்தில் மெக்கானிக்கல் டிப்ளமோ, சென்னையில் மெக்கானிக்கல் பி.இ., திருச்சி என்ஐடியில் எம்.இ., சென்னை ஐஐடியில் பிஎச்.டி. என்று படிப்படியாக ஏறியவர். மயில்சாமி அண்ணாதுரையும் ஆதித்யா எல்-1 திட்டத்தை நடத்திய நிகர் ஷாஜியும் படித்தது எலக்ட்ரானிக்ஸ்.

இது தற்செயல் இல்லை. ஒரு செயற்கைக்கோளில் காற்றியக்கவியலுக்கு வேலை குறைவு. கருவி, மின்சாரம், தொலைத்தொடர்பு, வெப்பம், கட்டமைப்பு என்று மற்றதுதான் அதிகம். இஸ்ரோ 'விஞ்ஞானி/பொறியாளர் எஸ்சி' (எஸ்சி இங்கே பதவி நிலையின் பெயர்) பதவிக்கு எடுக்கும் பொது ஆட்சேர்ப்பு விளம்பரங்களைப் பாருங்கள். பெரும்பாலும் எலக்ட்ரானிக்ஸ், மெக்கானிக்கல், கம்ப்யூட்டர் சயின்ஸ் மூன்றும்தான் இருக்கும். ஏரோ பி.இ. வைத்திருப்பவர் அந்த விளம்பரத்தைப் படித்துவிட்டு மூடி வைக்க வேண்டியதுதான். ராக்கெட் ஆசையில் ஏரோ எடுத்த பிள்ளைகளுக்கு இது இறுதியாண்டில் தெரிய வரும்போது படும் வேதனையை நான் நேரில் பார்த்திருக்கிறேன். அதனால்தான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

வழி 1: பெரிய இடத்தில் ஏரோ

சென்னை, மும்பை, கான்பூர், காரக்பூர் ஐஐடிகளும், விண்வெளித் துறை நடத்தும் திருவனந்தபுரம் ஐஐஎஸ்டி-யும், எம்ஐடி-யும் இந்த வரிசை. இங்கே இடம் கிடைத்து, ஆசையும் இருந்தால் ஏரோவையே எடுங்கள், இரண்டாவது யோசனை வேண்டாம்.

காரணம் ஆய்வகமும் சகவாசமும். சென்னை ஐஐடி-யில் தொடங்கிய அக்னிகுல் நிறுவனம் 2024 மே 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து தன் சோதனை ராக்கெட்டைப் பறக்கவிட்டது, அதன் என்ஜின் 3டி பிரிண்டரில் ஒரே துண்டாக அச்சிட்டது. அப்படிப்பட்ட வேலை நடக்கிற வளாகத்தில் இரண்டாம் ஆண்டு மாணவனாகச் சுற்றிவருவதே ஒரு படிப்பு. எம்ஐடி 1949-இல் தொடங்கியதிலிருந்து ஏரோநாட்டிக்கல் அங்கே இருக்கிறது. ஹெச்ஏஎல், என்ஏஎல், ஏடிஏ போன்ற அரசு விமான நிறுவனங்கள், இஸ்ரோ என்று எங்கே போனாலும் அங்கே படித்த ஒரு சீனியர் இருப்பார்.

ஐஐஎஸ்டி-க்கு ஜேஇஇ அட்வான்ஸ்டு தரவரிசை வேண்டும். "ஐஐஎஸ்டி-யில் சேர்ந்தால் இஸ்ரோ வேலை உறுதி" என்பது ஊரெல்லாம் சொல்லும் பேச்சு. உண்மையில் காலியிடமும் இருக்க வேண்டும், மதிப்பெண் வரம்பையும் தாண்ட வேண்டும். சேரும் ஆண்டின் அறிவிப்பை வரிவரியாகப் படித்துவிட்டு முடிவெடுங்கள்.

இந்த வழியின் மறைமுகச் செலவு, ஜேஇஇ-க்காகப் போகும் வருடங்கள். அட்வான்ஸ்டுக்கு அடுத்தடுத்த ஆண்டுகளில் இரண்டே வாய்ப்பு. ஒரு வருடம் வீட்டிலிருந்து படித்தும் வரவில்லை என்றால், அந்த வருடமும் கோச்சிங் பணமும் போனது போனதுதான். எம்ஐடி-க்கு இந்தச் சிக்கல் இல்லை. கணக்கு 100, இயற்பியல் 50, வேதியியல் 50, மொத்தம் 200-க்கு உங்கள் கட்ஆஃப், அவ்வளவுதான். அரசுப் பள்ளியில் படித்தவர் என்றால் 7.5 சதவீத ஒதுக்கீட்டில் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே கட்டுகிறது. அந்தத் தரவரிசையை வைத்து எம்ஐடியைக் கட்டாயம் பட்டியலில் மேலே போடுங்கள்.

வழி 2: தனியார் கல்லூரியில் ஏரோ

தமிழ்நாட்டுக் கலந்தாய்வில் ஏரோ என்று தேடினால், எம்ஐடி தவிர வருவதெல்லாம் பெரும்பாலும் தனியார் கல்லூரிகள்தான். நான் படித்ததும் அப்படி ஒன்றில்தான், அதனால் இதைப் பற்றி நிறையச் சொல்ல இருக்கிறது.

இந்தப் பட்டம் தருவது என்ன? ஓர் உதாரணம். பழைய அலுமினிய விமானங்களில் இறக்கையின் மேல்தோலுக்கு 7075 வகை அலுமினியம், கீழ்த்தோலுக்கு 2024 வகை. ஏன் இரண்டு? பறக்கும்போது இறக்கை மேல்நோக்கி வளைகிறது. மேல்தோல் நெருக்கப்படும், கீழ்த்தோல் இழுபடும். ஒவ்வொரு தடவை ஏறி இறங்கும்போதும் இப்படி இழுபட்டு இழுபட்டுக் கீழ்ப்பக்கம் விரிசல் வளரும். ஆகவே அங்கே விரிசலைத் தாங்கும் 2024, மேலே வலிமை கூடிய 7075. இதை ஏரோ மாணவர் மூன்றாம் ஆண்டிலேயே வகுப்பில் படித்துவிடுகிறார். மெக்கானிக்கல் படித்தவர் வேலைக்கு வந்துதான் கற்றுக்கொள்கிறார். மெல்லிய தகட்டுக் கட்டமைப்பு, ஒலியை மிஞ்சிய காற்றோட்டம், பறப்பியக்கவியல் மூன்றும் மெக்கானிக்கல் பாடத்தில் ஆழமாக வராது. இது ஏரோவின் நிஜமான பலம்.

ஆனால் இதைச் சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டும், ஓடுகிற ஆய்வகம் வேண்டும். என் கல்லூரியில் விண்ட் டனல், அதாவது மாதிரி விமானத்தின் மேல் காற்றை ஓடவிட்டுச் சோதிக்கும் சுரங்கம், இருந்தது. நான்கு வருடத்தில் நான் அது ஓடிப் பார்த்தது மூன்று தடவை, அதில் ஒன்று பார்வையாளர் குழு வந்த அன்று. கட்டமைப்பு பாடம் எடுத்தவர் அந்த வருடம்தான் எம்.இ. முடித்து வந்தவர். எங்களோடு சேர்ந்து அவரும் ராத்திரி உட்கார்ந்து படித்தார். அவர்மேல் எனக்கு இன்றும் மரியாதை உண்டு. நாங்கள் கட்டிய பணத்துக்கு அது போதாது என்பதும் உண்மை.

முடித்து வெளியே வந்த பிறகுதான் நிஜச் செலவு. பெரும்பாலான தனியார் கல்லூரிகளுக்கு வளாகத் தேர்வுக்கு வருவது ஐடி கம்பெனிகள். வடிவமைப்புக் கம்பெனிக்குப் போக வேண்டும் என்றால் கேட்டியா, ஹைப்பர்மெஷ், நாஸ்ட்ரான் என்று வடிவமைப்பு மென்பொருள்களை வெளியே பணம் கட்டிப் படித்து, பெங்களூரில் பிஜியில் தங்கி, வாரம் ஒரு இன்டர்வியூ. எனக்கு அந்தக் காத்திருப்பு 8 மாதம். அப்பா மாதாமாதம் அனுப்பிய பணத்தை எந்தக் கட்டணப் பட்டியலிலும் போட்டிருக்க மாட்டார்கள்.

அரசு வேலைப் பக்கமும் கதவு குறுகல். யுபிஎஸ்சி-யின் பொறியியல் பணித் தேர்வில் சிவில், மெக்கானிக்கல், எலக்ட்ரிக்கல், எலக்ட்ரானிக்ஸ் நான்கு பிரிவுகள்தான், ஏரோ கிடையாது. பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனமான டிஆர்டிஓ-வின் விஞ்ஞானி 'பி' தேர்வில் ஏரோவுக்கு இடம் உண்டு, எம்.டெக். சேர எழுதும் கேட் தேர்வின் மதிப்பெண் வேண்டும். எலக்ட்ரானிக்ஸோடும் மெக்கானிக்கலோடும் ஒப்பிட்டால் அந்த இடங்கள் குறைவு.

அப்படியானால் இந்த வழி யாருக்கு? விமானம் தவிர வேறெதிலும் மனசு ஒட்டாத, கேட் எழுதி ஐஐடி-யிலோ ஐஐஎஸ்சி-யிலோ எம்.டெக். போயே தீருவேன் என்கிற பிள்ளைக்கு இது நல்ல வழி. கேட்-இல் ஏரோஸ்பேஸ் தனித் தாள். நான்கு வருடம் படித்த பாடமே தேர்வுக்கும் வருவது பெரிய சௌகரியம். கல்லூரியில் எஸ்ஏஇ இந்தியா போட்டிக்கு மாதிரி விமானம் செய்கிற அணி இருந்தால் இன்னும் நல்லது. பால்சா மரத்தை அறுத்து, விலா எலும்பு விலா எலும்பாக ஒட்டி, எடைமையம் சரியில்லாமல் முதல் பறப்பிலேயே மூக்குக் குத்தி விழுந்த ஒரு விமானம் எனக்குச் சொல்லிக்கொடுத்ததை எந்தப் பாடமும் சொல்லிக்கொடுக்கவில்லை.

வழி 3: மெக்கானிக்கல் படித்து, அப்புறம் ஏரோவுக்குள் வருவது

181 கட்ஆஃபுக்கு நான் அந்தப் பெண்ணிடம் சொன்னது இதைத்தான்: பெயர் பெறாத தனியார் கல்லூரி ஏரோவைவிட நல்ல அரசுக் கல்லூரியிலோ உதவிபெறும் கல்லூரியிலோ மெக்கானிக்கல்.

எங்கள் இன்டர்வியூவில் புதியவர்களிடம் முதலில் கேட்பது ஏரோ கேள்வியே இல்லை. ஒரு தாளைக் கொடுத்து, "2 மீட்டர் கான்டிலீவர் பீம், நுனியில் 100 நியூட்டன் சுமை. ஷியர் ஃபோர்ஸ், பெண்டிங் மொமென்ட் படம் போடுங்க" என்போம். வேரில், அதாவது பீம் சுவரில் பொருந்தும் இடத்தில், 200 நியூட்டன் மீட்டர் என்று சொல்லி, படத்தின் குறியையும் சரியாகப் போட்டுவிட்டால் பேச்சு மேலே போகும். இரண்டாம் ஆண்டுப் பாடம்தான். நிறையப் பேர் இதிலேயே தடுமாறுகிறார்கள். இதில் உறுதியாக இருக்கிற மெக்கானிக்கல் பிள்ளையை நாங்கள் தயங்காமல் எடுக்கிறோம். இறக்கை பற்றியதை ஆறு மாதத்தில் சொல்லிக்கொடுத்துவிடலாம்.

மெக்கானிக்கலில் இன்னொரு பலம் உண்டு. உற்பத்தி முறை, டாலரன்ஸ் (அளவில் அனுமதிக்கும் சிறு வித்தியாசம்), வரைபடம் படிப்பது. ஒரு பாகத்தை எப்படிக் கடைவார்கள் என்று தெரியாமல் அழகாக வடிவமைத்து, பட்டறைக்காரர் "டூல் உள்ளே போகாதே சார்" என்று திருப்பி அனுப்புவது ஏரோ படித்த எங்களுக்கு அடிக்கடி நடக்கும். கோயம்புத்தூர், ஓசூர், திருச்சி, சேலம், சென்னை ஐந்தையும் இணைத்து வந்திருக்கும் பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தில் பெரும்பகுதி வேலை பாகங்கள் செய்வதுதான். அங்கே மெக்கானிக்கலுக்குத்தான் முதல் மரியாதை.

இஸ்ரோ விளம்பரத்திலும் பெயர் இருக்கும். 65 சதவீதம் அல்லது 10-க்கு 6.84 சிஜிபிஏ என்ற வரம்புதான் அங்கே வழக்கம், முதல் செமஸ்டரிலிருந்தே அதைக் காப்பாற்றுங்கள். ராக்கெட் என்ஜின்களைச் சோதிக்கும் மகேந்திரகிரி மாதிரி இடங்களில் ஓடுவதே வால்வு, பம்ப், டர்பைன், கிரையோஜெனிக் குழாய்கள். அது மெக்கானிக்கல்காரரின் உலகம்.

இந்த வழியின் விலை, விமானம் கண்ணிலேயே படாமல் நான்கு வருடம் ஓடுவது. லேத், கியர், ஐசி என்ஜின் என்று போய்க்கொண்டே இருக்கும். மூன்றாம் ஆண்டில் கார் கம்பெனி வரும், சாஃப்ட்வேர் கம்பெனி வரும், "அப்புறம் பார்த்துக்கலாம்" என்று ஏரோ ஆசை பெட்டிக்குள் போய்விடும். அப்படிப் போனவர்கள் நிறைய. ஆகவே ஆசை நிஜம் என்றால் இரண்டாம் ஆண்டிலேயே என்பிடெல் என்ற இணைய வகுப்புத் தளத்தில் ஐஐடி பேராசிரியர்களின் ஏரோடைனமிக்ஸ், விமானக் கட்டமைப்பு வகுப்புகளைப் பாருங்கள், பார்ப்பது இலவசம். பிறகு இரண்டு வருட எம்.இ. அல்லது எம்.டெக். மொத்தம் ஆறு வருடம். கேட் எழுதி நேரடியாக எம்.டெக். சேர்ந்தால் உதவித்தொகை வரும், வீட்டுச் சுமை குறையும்.

எலக்ட்ரானிக்ஸுக்கும் இதே கணக்குதான். பெங்களூரிலும் ஹைதராபாத்திலும் இருக்கும் வெளிநாட்டு விமானக் கம்பெனிகளின் மையங்களில் ஏவியானிக்ஸ் (விமான மின்னணுக் கருவிகள்), விமான மென்பொருள் வேலை ஏராளம். கணினியும் சர்க்யூட்டும் பிடித்தவர் ஏரோ பக்கம் வராமலேயே விமானத்துக்குள் வந்துவிடலாம்.

வழி 4: ஏஎம்இ

பெரியப்பா பையன் சொன்னதில் பாதி சரி. இண்டிகோ 2023 ஜூனில் ஒரே ஆர்டரில் 500 விமானங்கள், ஏர் இந்தியா அதே வருடம் 470 விமானங்கள் என்று ஆர்டர் கொடுத்துக் குவித்தன. அத்தனையையும் பராமரிக்க ஆள் வேண்டும்.

ஆனால் இது வேறு வாழ்க்கை. ஹேங்கரில் ஒவ்வொரு ஸ்பேனருக்கும் பலகையில் அதன் உருவம் வரைந்த இடம் இருக்கும். ஷிஃப்ட் முடியும்போது ஓர் இடம் காலியாக இருந்தால், அந்த ஸ்பேனர் கிடைக்கும்வரை விமானத்தை விடமாட்டார்கள். என்ஜினுக்குள்ளோ கன்ட்ரோல் கேபிள் பக்கத்திலோ கிடந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். ராத்திரி 2 மணிக்கு, மழையில், விமானம் பறக்கத் தகுதியானது என்று உங்கள் பெயரில் கையெழுத்துப் போட வேண்டும். இந்தப் பொறுப்பு பிடித்தவருக்கு இதைவிட நிறைவான வேலை இல்லை. வரைவதிலும் கணக்கிலும் ஆசை உள்ளவருக்கு இது ஒத்துவராது.

மறைமுகச் செலவு இந்த வழியில்தான் மிக அதிகம். படிப்பு முடிந்ததும் லைசென்ஸ் கையில் வராது. விமானப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் அரசு அமைப்பான டிஜிசிஏ-வின் மாட்யூல் தேர்வுகளை ஒவ்வொன்றாகப் பாஸ் பண்ண வேண்டும், செய்முறை அனுபவம் காட்ட வேண்டும். அதன் பிறகு ஏ320, போயிங் 737 என்று குறிப்பிட்ட விமானத்துக்கான டைப் ரேட்டிங். கம்பெனி அனுப்பினால் நல்லது, சொந்தச் செலவு என்றால் சில லட்சங்கள். மாட்யூல் தேறாமல், டிகிரியும் இல்லாமல் நடுவில் நிற்பவர்கள் உண்டு, அவர்களுக்குத் திரும்பி வர வழி மிகவும் குறைவு. சேரும் பள்ளிக்கு டிஜிசிஏ அங்கீகாரம் இருக்கிறதா என்பதை டிஜிசிஏ இணையதளத்தில் நீங்களே பாருங்கள். சுவரில் மாட்டியிருக்கும் சான்றிதழை நம்பாதீர்கள்.

ஒரே பார்வையில்

| | பெரிய இடத்தில் ஏரோ | தனியாரில் ஏரோ | மெக்கானிக்கல், பிறகு ஏரோ | ஏஎம்இ |
|---|---|---|---|---|
| பொருந்தும் வேலை | வடிவமைப்பு, ஆராய்ச்சி | வடிவமைப்பு, எம்.டெக். படித்தால் | வடிவமைப்பு, தயாரிப்பு, இஸ்ரோ | பராமரிப்பு |
| காலம் | 4 ஆண்டு | 4 ஆண்டு, காத்திருப்பு தனி | 4 + 2 ஆண்டு | 2 முதல் 3 ஆண்டு, லைசென்ஸ் தனி |
| தெரியாமல் வரும் செலவு | ஜேஇஇ கோச்சிங், போகும் வருடம் | வெளியே கோர்ஸ், பெங்களூர் வாசம் | ஆசை மங்கிப்போவது | டைப் ரேட்டிங் |
| திரும்பும் வழி | நிறைய | ஐடி | மிக நிறைய | மிகக் குறைவு |

வெளிநாடு பற்றி ஒரு வார்த்தை

"இங்கே பி.இ. முடித்துவிட்டு அமெரிக்காவில் எம்.எஸ்., அப்புறம் ராக்கெட் கம்பெனி" என்று திட்டம் போடுபவர்களுக்கு: ராக்கெட்டும் பாதுகாப்பும் சம்பந்தப்பட்ட தொழில்நுட்பத்தை அமெரிக்கா ஐடிஏஆர் என்ற ஏற்றுமதிச் சட்டத்தால் பூட்டி வைத்திருக்கிறது. குடியுரிமையோ கிரீன் கார்டோ இல்லாதவரை அந்த வேலைகளில் எடுப்பது கம்பெனிக்குப் பெரிய சிக்கல், பெரும்பாலும் எடுப்பதே இல்லை. 40, 50 லட்சம் கடன் வாங்கிப் போன பிறகு இதைத் தெரிந்துகொள்வது கொடுமை. ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட், நெதர்லாந்தின் டெல்ஃப்ட் போன்ற இடங்களையும் சேர்த்துப் பாருங்கள். ஸ்டுட்கார்ட் பல்கலைக்கழகத்தில் வெளிநாட்டு மாணவருக்கு செமஸ்டருக்கு 1,500 யூரோ.

பட்டியலை எப்படிப் போடுவது

கோவில்பட்டிப் பெண்ணிடம் சொன்ன வரிசை இது. முதலில் எம்ஐடி ஏரோநாட்டிக்கல். 181-க்குப் பொதுப் பிரிவில் கடினம், ஆனால் வகுப்புவாரித் தரவரிசையைப் பார்க்காமல் விட்டுவிடக் கூடாது, மேலே போடுவதால் எந்த நஷ்டமும் இல்லை. அடுத்து நல்ல அரசுக் கல்லூரி, உதவிபெறும் கல்லூரிகளில் மெக்கானிக்கல், எலக்ட்ரானிக்ஸ். அதற்குப் பிறகுதான் தனியார் ஏரோ, அதுவும் நேரில் போய்ப் பார்த்த கல்லூரியாக இருக்க வேண்டும்.

போகும்போது முதல்வர் அறைக்குப் போகாதீர்கள். நேரே லேபுக்குப் போய், அங்கே இருக்கிற உதவியாளரிடம் விண்ட் டனல் கடைசியாக எப்போது ஓடியது என்று கேளுங்கள், பதிவேட்டைக் காட்டச் சொல்லுங்கள். மூன்றாம் ஆண்டு மாணவர் இரண்டு பேரிடம் கட்டமைப்பு பாடம் யார் எடுக்கிறார், போன வருடம் சீனியர்கள் எந்தக் கம்பெனியில் சேர்ந்தார்கள் என்று கேளுங்கள்.

அப்பா கேட்ட சம்பளக் கேள்விக்கும் பதில் சொன்னேன்: தொடக்கத்தில் ஐடி-யைவிடப் பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம், ஐந்தாறு வருடம் கழித்து வேலையில் தேர்ந்தவருக்கு நல்ல சம்பளம். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "குலசேகரப்பட்டினத்துல ராக்கெட் தளம் கட்டறாங்களே தம்பி, அது நம்ம மாவட்டம்தான், அங்க எடுப்பாங்களா?" என்றார். 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டியிருக்கிறார்கள், இவள் படித்து முடிக்கும்போது அங்கேயும் ஆள் தேவைப்படும், மெக்கானிக்கலும் எலக்ட்ரானிக்ஸும் அங்கே கட்டாயம் வேண்டியிருக்கும் என்றேன். "சரி தம்பி, அப்ப சனிக்கிழமை ரெண்டு காலேஜைப் பார்த்துட்டு வந்து கூப்பிடறோம்" என்று சொல்லி வைத்தார்.